கூடுதலும் குறைவும்: எண்ணுக்கு முன்னால் அளவு

ஒன்றாம் வகுப்புக் குழந்தையிடம் 39, 41 என்று இரண்டு எண்களை எழுதிக் காட்டி, எது பெரியது என்று கேட்டால் பல குழந்தைகள் 39 என்கிறார்கள். ஏன் என்று கேட்டால் ஒன்பதைத் தொட்டுக் காட்டுகிறார்கள். அதே குழந்தையின் முன்னால் இரண்டு தட்டுகளில் முறுக்கை வைத்து, எதில் கூட இருக்கிறது என்று கேட்டால் தவறுவதே இல்லை. தட்டைப் பார்த்துச் சரியாகச் சொல்லும் அறிவு சிலேட்டைப் பார்த்ததும் எங்கே போய்விடுகிறது? தொடக்கப் பள்ளிக் கணிதத்தின் பெரும்பகுதிச் சிக்கல் இந்தக் கேள்வியில் இருக்கிறது.

எண்களைக் கற்று முடித்த பிறகு நடத்தப்படும் ஒரு சிறு பாடமாகவே ஒப்பிடுதலை நம் வகுப்பறைகள் கருதுகின்றன. முதலில் ஒன்று முதல் நூறு வரை எழுத வேண்டும், பிறகு ‘பெரிய எண்ணுக்கு வட்டமிடுக’. இந்த வரிசை தலைகீழானது என்பது என் வாதம். எண் என்ற கருத்தே கூடுதல், குறைவு, சமம் என்ற உறவுகளிலிருந்து எழுவது. கையில் பிடிக்கும் அளவு, வாயால் சொல்லும் எண்பெயர், தாளில் எழுதும் குறி ஆகிய மூன்றையும் தொடக்கம் முதலே ஒன்றாகப் பிணைத்துக் கற்பித்தால்தான் அந்த உறவு குழந்தையின் மனதில் நிற்கும். ஒன்றை விட்டு மற்றொன்றைக் கற்பிப்பது பலன் தராது என்பதற்கு இந்தியாவிலேயே செய்யப்பட்ட ஆய்வுகள் சான்றாக இருக்கின்றன.

இதைப் பேச முதலியார்பேட்டை பொருத்தமான இடம். கடலூர் சாலையை ஒட்டிய இந்தப் பகுதி ஒரு மில் தொழிலாளர் ஊர். 1954 வரை பிரெஞ்சு நிர்வாகத்தில் இருந்த புதுச்சேரியின் பகுதி என்பதால், தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு என மூன்று மொழிகளின் எண்பெயர்கள் புழங்கிய நகரத்துக்குள் இருக்கிறது. பழைய தமிழ்க் கணக்குக் கல்வி குறித்த முக்கியமான ஆய்வுகள் நடந்த பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் இதே நகரத்தில், கடற்கரைக்கு அருகில் 1955 முதல் இயங்கிவருகிறது.

கண்ணுக்குத் தெரியும் அளவு

புதுச்சேரித் தெருக்களில் மீனையும் காயையும் இன்றும் கூறு கட்டி விற்கிறார்கள். எல்லாக் கூறும் ஒரே விலை. வாங்குகிறவர் எண்ணிப் பார்ப்பதில்லை, தராசும் கேட்பதில்லை. நான்கைந்து கூறுகளைக் கண்ணால் அளந்து, கூடுதலாகத் தெரிவதை எடுத்துக்கொள்கிறார். இடுப்பில் இருக்கும் குழந்தைக்கும் இந்தத் திறமையின் கரு உண்டு.

ஃபெய் சூ, எலிசபெத் ஸ்பெல்கி ஆகிய உளவியலாளர்கள் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதை உறுதிப்படுத்தியது. ஆறு மாதக் குழந்தைகளுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட படங்களைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். சலித்துப்போன குழந்தையின் முன் பதினாறு புள்ளிகள் வந்ததும் அது மீண்டும் உற்றுப் பார்த்தது. எட்டுக்குப் பதில் பன்னிரண்டு வந்தபோது அந்த வேறுபாடு அதற்குப் பிடிபடவில்லை. ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதம் ஆறு மாதத்தில் தெரிகிறது, இரண்டுக்கு மூன்று தெரிவதில்லை. மாதங்கள் கூடக் கூட இந்தக் கூர்மை வளர்கிறது. பெரியவர்களுக்கும் இது முற்றிலும் துல்லியமாகிவிடுவதில்லை.

எழுதிய எண்களிலும் இதன் தடம் இருக்கிறது. 2, 9 ஆகியவற்றில் பெரியது எது என்று சொல்வதைவிட 8, 9 ஆகியவற்றில் சொல்லப் படித்த பெரியவர்களுக்கே சற்று அதிக நேரம் ஆகிறது என்பதை மோயர், லாண்டவர் இருவரும் 1967-இல் அளந்து காட்டினார்கள். குறியைப் பார்த்ததும் மூளை அதன் பின்னால் உள்ள அளவைத் தேடிப் போகிறது என்பதே இதற்குப் பொதுவாகத் தரப்படும் விளக்கம்.

ஆசிரியருக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் நேரடியானது. ஒப்பிடும் பயிற்சியை மூன்று கொட்டை, ஒன்பது கொட்டை என்று தூரமான அளவுகளில் தொடங்க வேண்டும். பிறகு ஐந்தும் எட்டும், அதன் பிறகு ஏழும் எட்டும். கண்ணால் முடிவு செய்ய முடியாத இடத்துக்குக் குழந்தையைக் கொண்டுவந்து நிறுத்தினால், எண்ணிப் பார்க்க வேண்டிய தேவை குழந்தைக்கே ஏற்படும். ‘எண்ணு’ என்று கட்டளையிட்டு எண்ணவைப்பதற்கும், எண்ணாமல் தெரியாது என்ற நிலை வந்து எண்ணுவதற்கும் வேறுபாடு மிகப் பெரியது.

எண்ணத் தெரிந்தும் ஒப்பிடத் தெரியாத காலம்

இருபது வரை தடையில்லாமல் சொல்லும் மூன்று வயதுக் குழந்தையிடம், ‘மூன்று புளியங்கொட்டை கொடு’ என்று கேட்டால் ஒரு பிடி அள்ளிக் கொடுத்துவிடும். உளவியலாளர் கேரன் வின் 1990-களின் தொடக்கத்தில் இந்த எளிய சோதனையைக் கொண்டு குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார். குழந்தை முதலில் ‘ஒன்று’ என்பதன் பொருளை மட்டும் அறிகிறது. பல மாதங்கள் கழித்து ‘இரண்டு’, இன்னும் சில மாதங்கள் கழித்து ‘மூன்று’. அதன் பிறகுதான், கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்த எண்ணிக்கை என்ற விதி பிடிபடுகிறது. அதுவரை எண் வரிசை குழந்தைக்குப் பொருள் தெரியாத ஒரு ஓசை வரிசைதான்.

இந்த விதி பிடிபட்ட பிறகும் ஒப்பிடுதல் தானாக வந்துவிடுவதில்லை. எண் வரிசையில் பிந்தி வருவது அளவில் பெரியது என்பது தனியாகக் கற்க வேண்டிய ஒன்று. ஏழு கொட்டைகளைச் சரியாக எடுத்துக் கொடுக்கும் குழந்தையும், ஆறு பெரியதா எட்டுப் பெரியதா என்ற வாய்க் கேள்விக்குத் தடுமாறலாம். எல்கேஜி சேர்க்கையின்போது ‘நூறு வரை சொல்லுவான்’ என்று பெருமைப்படும் பெற்றோர் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி இதுதான்: ‘ஏழு மிட்டாய் வேண்டுமா, ஐந்து மிட்டாய் வேண்டுமா?’

எப்படிக் கேட்கிறோம் என்பதும் முக்கியம். ஜெனீவாவில் ழான் பியாஜே, அலினா ஷெமின்ஸ்காவுடன் சேர்ந்து 1941-இல் வெளியிட்ட நூலில் ஒரு சோதனை பெயர்பெற்றது. சம எண்ணிக்கையில் இரண்டு வரிசைகளை அடுக்கிக் காட்டிவிட்டு, ஒன்றை மட்டும் அகலமாகப் பரப்பினால், ஐந்து வயதுக் குழந்தை நீளமான வரிசையில்தான் அதிகம் என்கிறது. எண்ணிக்கை மாறாது என்ற புரிதல் ஆறேழு வயதில்தான் வருகிறது என்று பியாஜே முடிவு கட்டினார். மெலரும் பெவரும் 1967-இல் வைத்த சோதனை ஒன்றில், நீளம் குறைந்த வரிசையில் மிட்டாய் கூடுதலாக இருந்தபோது, இரண்டரை வயதுக் குழந்தைகள்கூடப் பெரும்பாலும் அந்த வரிசையையே எடுத்துக்கொண்டார்கள். 1974-இல் மெக்காரிகலும் டொனால்ட்சனும் வரிசையைப் பெரியவர் கலைப்பதற்குப் பதிலாக ஒரு பொம்மைக் கரடி வந்து குறும்பாகக் கலைத்துவிட்டதாகக் காட்டினார்கள். முன்பு தவறிய வயதிலேயே பல குழந்தைகள் ‘இரண்டும் சமம்தான்’ என்றார்கள்.

இதற்கு ஒரு காரணம் கேட்கும் விதம்: டீச்சர் ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்டால், முதல் பதில் தவறு என்று குழந்தை எடுத்துக்கொள்கிறது. நம் வகுப்பறைகளில் தினமும் நடப்பது இது. சரியாகச் சொன்ன குழந்தையிடமும் தவறாகச் சொன்ன குழந்தையிடமும் ஒரே குரலில் ‘எப்படிக் கண்டுபிடித்தாய்?’ என்று கேட்கும் பழக்கம் வந்தால், பாதித் தடுமாற்றம் நீங்கும்.

நெல்லிலக்கம் கற்ற பிள்ளைகள்

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் அச்சுப் புத்தகம் வருவதற்கு முன்னால் திண்ணைப் பள்ளிகள் இந்தப் பிரச்சினையை வேறு விதமாக எதிர்கொண்டன. அக்கல்வியின் கணக்கை ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் செந்தில்பாபு. 2022-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட அவருடைய நூல், முன்நவீனத் தென்னிந்தியாவில் எண்களும் அளவைகளும் எப்படிப் புழங்கின, எப்படிக் கற்பிக்கப்பட்டன என்பதை விரிவாகச் சொல்கிறது.

திண்ணைப் பள்ளி மாணவன் மணலில் விரலால் எழுதிப் பழகினான். பொன்னிலக்கம், நெல்லிலக்கம், பெருக்கல் வாய்ப்பாடான எண்சுவடி, நிலப்பரப்புக் கணக்கான குழிமாற்று ஆகியவற்றைப் படிப்படியாக மனனம் செய்தான். இவற்றில் நெல்லிலக்கம் நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. அது எண்களின் பட்டியல் அல்ல, முகத்தல் அளவைகளின் வரிசை. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. மூன்று தூணி ஒரு கலம்.

ஆழாக்கிலிருந்து நாழி வரை ஒவ்வொரு படியும் முந்தையதன் இரட்டிப்பு. ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதம் குழந்தையின் கண்ணுக்கு முதலில் பிடிபடுவது என்று நவீன ஆய்வு சொல்கிறதே, அந்த விகிதத்திலேயே அளவைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. பெயர் வேறு, பாத்திரம் வேறு, கை உணரும் எடை வேறு. உழக்கை ஆழாக்கோடு ஒப்பிட எந்தக் குறியும் தேவைப்படவில்லை.

பொன்னிலக்கத்திலும் இதே ஒழுங்கு உண்டு. முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. இரண்டு முந்திரி அரைக்காணி, இரண்டு அரைக்காணி காணி, இரண்டு காணி அரைமா, இரண்டு அரைமா ஒரு மா. மா என்பது இருபதில் ஒன்று. இன்னொரு பக்கம் மாகாணி, அரைக்கால், கால், அரை என்று பதினாறில் ஒன்றிலிருந்து பாதி வரை இரட்டித்துப் போகும் வரிசை. இன்றைக்கு ஐந்தாம் வகுப்பில் பயமுறுத்தும் பின்னங்களைத் திண்ணைப் பிள்ளைகள் சிறுவயதிலேயே வாய்விட்டுச் சொன்னார்கள். ஏனெனில் நிலமும் நெல்லும் கூலியும் அந்தப் பின்னங்களில்தான் அளக்கப்பட்டன.

இந்தக் கல்வியைப் பொற்காலம் என்று புகழ்வது உண்மைக்குப் புறம்பானது. பெண் குழந்தைகளுக்கும் ஒடுக்கப்பட்ட சாதிக் குழந்தைகளுக்கும் பெரும்பாலும் திண்ணையில் இடமில்லை. அடியும் தண்டனையும் சாதாரணம். நெல்லை அளந்தவர்களின் கையில் இருந்த கணக்கும், கணக்கை எழுதியவர்களின் கையில் இருந்த அதிகாரமும் ஒன்றாக இருக்கவில்லை. எனினும் ஓர் உண்மையை அந்தப் பாடத்திட்டம் கைவிடவில்லை: எண் என்பது ஏதோ ஒன்றின் அளவு. அந்த உண்மையை எல்லாக் குழந்தைகளுக்குமான பள்ளியில் மீட்பது நம் கடமை.

எண் வருவதற்கு முன்பே ஒப்பிடலாம்

சோவியத் உளவியலாளர் டேவிடோவ் 1960-களில் மாஸ்கோவில் தம் குழுவினரோடு உருவாக்கிய பாடத்திட்டம் இதே இடத்துக்கு வேறு வழியாக வந்தது. முதல் வகுப்பின் தொடக்க மாதங்களில் அங்கே எண்ணே கிடையாது. குழந்தைகள் இரண்டு கயிறுகளின் நீளத்தையும், இரண்டு பாத்திரங்களின் கொள்ளளவையும், இரண்டு பொருள்களின் எடையையும் ஒப்பிட்டார்கள். ஒன்றுக்கு அ என்றும் மற்றதற்கு ஆ என்றும் பெயரிட்டு, அ-வைவிட ஆ பெரியது என்று எழுதினார்கள். சமமாக்க என்ன செய்ய வேண்டும் என்று பேசினார்கள். இரண்டு அண்டாக்களைப் பக்கத்தில் கொண்டுவந்து ஒப்பிட முடியாத நிலை வரும்போது மூன்றாவது பாத்திரம் ஒன்று தேவைப்படுகிறது. அந்தச் சிறு பாத்திரம் இதில் எத்தனை முறை, அதில் எத்தனை முறை? இந்தக் கேள்வியில்தான் எண் பிறக்கிறது.

முதலியார்பேட்டைப் பால்வாடி ஒன்றில் இதைச் செய்து பார்க்கச் செலவே இல்லை. ஒரு செம்பு, ஒரு குடம், ஒரு தம்ளர், தண்ணீர் போதும். குடத்தில் எத்தனை தம்ளர், செம்பில் எத்தனை தம்ளர் என்று அளக்கட்டும். அடுத்த நாள் தம்ளரை மாற்றிச் சிறிய டபராவைக் கொடுக்க வேண்டும். எண்ணிக்கை கூடிவிடும், தண்ணீர் கூடவில்லை. ஏன் என்று குழந்தைகள் பேசத் தொடங்கினால், அளக்கும் அலகு சிறியதானால் எண்ணிக்கை பெரியதாகும் என்ற மிக ஆழமான கருத்து ஐந்து வயதிலேயே முளைவிடும். பூக்காரம்மா முழம் போடும்போதும் இதே கருத்து இருக்கிறது. நீண்ட கைக்காரர் முழத்துக்கும் குட்டைக் கைக்காரர் முழத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பூ வாங்கப் போகும் ஒவ்வொரு வீட்டுக் குழந்தையும் பார்க்கிறது. அதை வகுப்பில் கேட்கத்தான் ஆள் இல்லை.

மூன்று மொழிகளின் எண்பெயர்கள்

39-க்கும் 41-க்கும் திரும்புவோம். இங்கே குழந்தைக்குத் தடையாக இருப்பது இடமதிப்பு. ஒன்பது பெரியது என்று அது சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஓர் இலக்கத்தில் ஒன்பதைவிடப் பெரியது இல்லை என்றுதான் அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். பத்தின் இடத்தில் நிற்கும் நான்கு, நாற்பது கொட்டைகளைக் குறிக்கிறது என்பது அதன் கண்ணில் படும்படி எங்குமே எழுதப்பட்டிருக்கவில்லை.

பழைய தமிழ் எண்முறையில் அது எழுதப்பட்டிருந்தது. அம்முறையில் சுழியம் இல்லை, பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனிக் குறிகள் உண்டு. நாற்பத்தொன்றை ௪௰௧ என்று எழுதினார்கள்: நான்கு, பத்து, ஒன்று. படிப்பவர் கண்ணெதிரே பத்து நிற்கிறது. பெரிய கணக்குகளுக்கு இன்றைய முறையே வசதியானது. ஆனால் தொடக்க நிலையில் நான்கு பத்துக் கட்டுகளும் ஒரு தனிக் குச்சியும் என்று அடுக்கிப் பார்ப்பது, பழைய எழுத்துமுறை தானாகவே காட்டியதைக் கையால் மீட்டெடுப்பதுதான்.

பேச்சில் தமிழ் இன்னும் உதவுகிறது. பதினொன்று, இருபத்தொன்று, நாற்பத்தொன்று ஆகியவற்றில் பத்தும் ஒன்றும் காதில் கேட்கின்றன. சிக்கல் தொண்ணூறில் இருக்கிறது. எண்பத்தொன்பதுக்குப் பிறகு குழந்தை தயங்கி நிற்பதைப் பார்க்கலாம். ஒன்பதின் உருவம் அங்கே மாறிவிடுகிறது. ஆசிரியர் இந்த இடத்தில் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும்.

இன்று புதுச்சேரி அரசுப் பள்ளிகள் மத்தியப் பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. ஆங்கில வழி தனியார் பள்ளிகளும் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. வீட்டில் நாற்பத்தொன்று, பள்ளியில் ஃபார்ட்டி ஒன். தெர்ட்டீனும் தெர்ட்டியும், ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் குழந்தையின் காதில் ஒன்றாகவே விழுகின்றன. 13 பெரியதா 30 பெரியதா என்ற கேள்விக்குத் தவறான பதில் வந்தால், அளவு தெரியவில்லையா, காதில் சரியாக விழவில்லையா என்று முதலில் பார்க்க வேண்டும்.

1826-இல் தொடங்கிய பிரெஞ்சு லிசே போன்ற பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு அடுக்கு. பிரெஞ்சில் 71 என்பது ‘அறுபதும் பதினொன்றும்’. 97 என்பது ‘நான்கு இருபதும் பதினேழும்’. பெல்ஜியத்தில் பிரெஞ்சு பேசுவோர் எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். இரு நாட்டுக் குழந்தைகளையும் ஒப்பிட்டு செரோனும் ஃபயோலும் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தப் பகுதி எண்களைக் கேட்டு எழுதுவதில் பிரான்ஸ் குழந்தைகளே அதிகம் தவறினார்கள்.

ஆகவே பல மொழி எண்பெயர்கள் புழங்கும் நகரத்தில் செய்ய வேண்டியது இது: ஓர் எண்ணை வீட்டு மொழியில் சொல்லவைத்து, கட்டுகளால் அடுக்கவைத்து, பிறகு பள்ளி மொழியில் சொல்லவைக்க வேண்டும். தமிழில் ஒப்பிடத் தெரிந்த குழந்தைக்கு ஆங்கிலத்தில் புதிதாகக் கற்க வேண்டியது சொல் மட்டும்தான். அளவு ஏற்கெனவே அதனிடம் இருக்கிறது. ஆங்கிலம் வரவில்லை என்பதற்காகக் கணக்கு வரவில்லை என்று முத்திரை குத்துவது அநீதி.

முதலை வாயும் முந்தி வரும் குறியும்

> , < என்ற குறிகளை இன்று பல வகுப்புகளில் முதலை வாயாகக் கற்பிக்கிறார்கள். முதலைக்குப் பசி அதிகம், அதனால் பெரிய எண்ணைப் பார்த்து வாயைத் திறக்கும். குழந்தைகளுக்குப் பிடித்த கதைதான். ஆனால் 8 > 5 என்று சரியாக வாயை வரைந்த குழந்தையிடம் அதைப் படிக்கச் சொன்னால் ‘முதலை எட்டைச் சாப்பிடுகிறது’ என்கிறது. ‘எட்டு ஐந்தைவிடப் பெரியது’ என்ற வாக்கியம் அதன் வாயில் வருவதில்லை. எவ்வளவு பெரியது என்ற கேள்விக்கு அந்தக் கதையில் இடமே இல்லை.

தாமஸ் ஹேரியட் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞரின் நூல் அவர் இறந்து பத்தாண்டுகள் கழித்து, 1631-இல் அச்சானபோது இக்குறிகள் அச்சில் வந்தன. சமக்குறியை ராபர்ட் ரெக்கார்ட் 1557-இலேயே இரண்டு இணைகோடுகளாக அறிமுகம் செய்திருந்தார். இணைகோடுகளுக்கு நடுவே எங்கும் ஒரே இடைவெளி, இரு பக்கமும் சமம். ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் குவிந்தால் விரிந்த பக்கம் பெரியது. வடிவத்திலேயே பொருள் இருக்கிறது. எட்டுப் புளியங்கொட்டையை ஒரு பக்கமும் ஐந்தை மறுபக்கமும் அடுக்கி, மேலும் கீழும் இரண்டு குச்சிகளை வைத்தால் குறி தானாக உருவாகும். அதைக் கையால் செய்து, வாக்கியமாகச் சொல்லி, பிறகு எழுத வேண்டும். ‘எட்டு ஐந்தைவிட மூன்று கூட. ஐந்து எட்டைவிட மூன்று குறைவு’ என்று இரு பக்கமும் சொல்லிப் பழகினால், கூட்டலும் கழித்தலும் அங்கேயே தொடங்கிவிடுகின்றன.

எண் பெரிது, நூல் மெலிது

முதலியார்பேட்டைக்கு மட்டுமே உரிய ஒரு பாடமும் உண்டு. 1898-இல் தொடங்கப்பட்டு, ரோடியர் மில் என்று மக்கள் அழைத்துவந்த ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ் இப்பகுதியின் தலைமுறைகளுக்குச் சோறு போட்டது. 1936-இல் புதுச்சேரி மில் தொழிலாளர்கள் உரிமைக்காகப் போராடி, ஜூலை 30 அன்று துப்பாக்கிச் சூட்டில் உயிர்களைப் பலிகொடுத்த வரலாற்றிலும் இந்த மில்லுக்குப் பங்கு உண்டு. 2020-இல் அது மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்தவர்கள் இன்றும் இந்தத் தெருக்களில் தாத்தாக்களாகவும் பாட்டிகளாகவும் வாழ்கிறார்கள்.

நூற்பிலும் நெசவிலும் இருந்தவர்களுக்கு நூலின் நம்பர் தெரியும். பருத்தி நூலில் ஒரு பவுண்டு எடைக்கு 840 கஜச் சிட்டம் எத்தனை வருகிறதோ, அதுவே நம்பர். ஒரே எடையில் அதிக நீளம் வர வேண்டுமானால் நூல் மெலிதாக வேண்டும். ஆகவே இருபதாம் நம்பர் நூலைவிட நாற்பதாம் நம்பர் மெலிது, அறுபது இன்னும் மெலிது. எண் பெரிதாகப் பெரிதாகத் தடிமன் குறைகிறது.

இதே உறவுதான் பின்னங்களில் இருக்கிறது. எட்டு நான்கைவிடப் பெரியது, ஆகவே எட்டில் ஒன்று நான்கில் ஒன்றைவிடப் பெரியது என்ற தவறு உலகெங்கும் குழந்தைகளிடம் காணப்படுவது. முழு எண்களின் ஒப்பீட்டை அப்படியே பின்னத்துக்கு ஏற்றிவிடுகிறார்கள். எத்தனை பேருக்குப் பங்கு என்பது கூடினால் ஒரு பங்கு குறையும் என்ற அனுபவத்தோடு பின்னம் பிணைக்கப்படவில்லை. அரைக்கால் என்றால் காலில் பாதி என்று காதால் கேட்டு வளர்ந்த திண்ணைப் பிள்ளைக்கு இந்தக் குழப்பம் வர வாய்ப்புக் குறைவு. இன்றைய குழந்தைக்கு அதை விளக்க, மில்லில் உழைத்த தாத்தாவை ஒரு நாள் வகுப்புக்கு அழைத்து, இரண்டு நம்பர் நூலைத் தொட்டுப் பார்க்கச் செய்யலாம். பாடத்தையும் ஊரின் உழைப்பையும் ஒரே நேரத்தில் மதிக்கும் வகுப்பாக அது இருக்கும்.

டெல்லி தந்த எச்சரிக்கை

இதுவரை சொன்னவற்றை விளையாட்டாக மட்டும் நடத்தினால் போதுமா? போதாது என்பதற்கு வலுவான சான்று இருக்கிறது. டெல்லியில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு நடத்திய 214 முன்பருவப் பள்ளிகளில், சராசரியாக ஐந்து வயதுக்குச் சற்றுக் குறைந்த 1540 குழந்தைகளைக் கொண்டு ஒரு பெரிய ஆய்வு நடந்தது. மொய்ரா தில்லன், எஸ்தர் டுஃப்லோ, எலிசபெத் ஸ்பெல்கி உள்ளிட்டோர் அதன் முடிவுகளை 2017-இல் வெளியிட்டார்கள். நான்கு மாதம் அளவுகளையும் வடிவங்களையும் ஒப்பிடும் விளையாட்டுகளை ஆடிய குழந்தைகள், அந்தத் திறன்களில் தெளிவாக முன்னேறினார்கள். அந்த முன்னேற்றம் ஓராண்டுக்கு மேலும் நீடித்தது. ஆனால் பள்ளியில் சேர்ந்த பிறகு, பள்ளிக் கணிதத்தின் சொற்களையும் கருத்துகளையும் கற்பதில் அவர்கள் மற்றவர்களைவிட முந்தவில்லை.

இதற்கு மறுபக்கமாக 2025-இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு அமைந்தது. கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் சிறுவர்கள் சிக்கலான விற்பனைக் கணக்குகளை மனதிலேயே சரியாகப் போட்டார்கள். அதே வகைக் கணக்கைப் பள்ளித் தாளில் கொடுத்தபோது திணறினார்கள். பள்ளியில் நன்றாகக் கணக்குப் போடும் பிள்ளைகளோ சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். தெருவின் அறிவு பள்ளிக்கும், பள்ளியின் அறிவு தெருவுக்கும் தானாகக் கடந்துபோவதில்லை.

இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் பாடம் தெளிவு. விளையாட்டும் வேண்டும், குறியும் வேண்டும். விளையாடும் அதே நிமிடத்தில் குறியைச் சொல்லியும் எழுதியும் இணைக்க வேண்டும். ராபர்ட் சீக்லர், கீதா ரமணி இருவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல முன்மாதிரி. ஒன்று முதல் பத்து வரை ஒரே நேர்வரிசையில் எண்கள் எழுதிய பலகையில், ஏழைக் குடும்பத்துக் குழந்தைகள் கால் மணி நேர அளவில் நான்கு முறை விளையாடினார்கள். எண்களை ஒப்பிடுவதிலும் எண்கோட்டில் இடம் காட்டுவதிலும் முன்னேறினார்கள். எண்ணுக்குப் பதில் வண்ணம் இருந்த பலகையில் ஆடியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. காயை நகர்த்தும்போது, ஐந்தில் இருந்து இரண்டு கட்டம் போக ‘ஒன்று, இரண்டு’ என்று சொல்லாமல் ‘ஆறு, ஏழு’ என்று கட்டத்தின் எண்ணைப் படித்து நகர்த்தியவர்களே அதிகம் கற்றார்கள் என்று பிந்திய ஆய்வு ஒன்று காட்டியது.

நம் வீடுகளில் பரமபதம் இருக்கிறது. அதில் எண்கள் வளைந்து திரும்பி மேலேறுவதால் நான்கு வயதுக் குழந்தைக்கு அது குழப்பம் தரும். முதலில் தரையில் சாக்பீஸால் ஒன்று முதல் பத்து வரை நேர்கோட்டில் கட்டம் போட வேண்டும், பிறகு இருபது வரை. எண்ணைப் படித்து நகர வேண்டும். ‘நீ எங்கே இருக்கிறாய், நான் எங்கே இருக்கிறேன், யார் எவ்வளவு முன்னால்?’ என்று ஒவ்வொரு ஆட்டத்திலும் பேச வேண்டும். இடமதிப்புக்கு வந்ததும், பத்துப் பத்தாக நிறம் மாறும் நூறு மணிகள் கோத்த மாலையைச் சுவரில் கட்டலாம். 39-ஆம் மணியையும் 41-ஆம் மணியையும் அதில் தொட்டுக் காட்டும் குழந்தை, ஒன்பதைப் பார்த்து ஏமாறாது.

செய்ய வேண்டியவை

2021 ஜூலை 5 அன்று தொடங்கப்பட்ட மத்திய அரசின் நிபுன் பாரத் திட்டம், மூன்றாம் வகுப்பு முடிப்பதற்குள் ஒவ்வொரு குழந்தைக்கும் அடிப்படை எண்ணறிவு கிடைக்க வேண்டும் என்றது. அதற்கான கெடு 2026-27 கல்வியாண்டு. தமிழ்நாடு 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டத்தைத் தொடங்கியது. திட்டங்களின் இலக்கில் குறையில்லை. வகுப்பறையில் எது நடக்கிறது என்பதே கேள்வி.

பால்வாடி ஆசிரியைகளுக்கு அளவைப் பாத்திரங்களும், ஒரு தராசும், நேரமும் கொடுங்கள். மூன்று வயதுக் குழந்தையிடம் எழுத்துப் பயிற்சியை எதிர்பார்க்காதீர்கள். முதல் வகுப்பில் நூறு வரை எழுதவைக்கும் அவசரத்தை விட்டு, இருபது வரையிலான எண்களை எல்லா வழியிலும் ஒப்பிடச் செய்யுங்கள். தேர்வில் பெரிய எண்ணுக்கு வட்டமிடச் சொல்லும் கேள்வியோடு, எவ்வளவு பெரியது என்று கேட்கும் கேள்வியையும் வையுங்கள். புதுச்சேரி பள்ளிக் கல்வித் துறை தன் ஆசிரியர் பயிற்சியில் இந்த ஊரின் அளவைகளையும் தொழில்களையும் பாடப்பொருளாக்க வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். மீன் வாங்கும்போது எந்தக் கூறில் கூட இருக்கிறது என்று குழந்தையைக் கேளுங்கள். அரிசி அளக்கும்போது அளக்கவிடுங்கள். பதில் சரியோ தவறோ, ‘எப்படித் தெரிந்தது? எவ்வளவு கூட?’ என்ற இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேளுங்கள். கணக்குக்கு டியூஷன் வைப்பதற்கு முன்னால் உங்கள் குழந்தைக்கு நீங்கள் தரக்கூடிய கணிதம் அதுதான், அதற்குக் கட்டணமும் இல்லை.